பல்லம்மாவும் சக்களத்தியும்

பழைய இரும்புக் கடைத் தெருவில் அவளுக்குப் பல்லம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. கடையேறினால் முதல் வார்த்தையே, "துணிப் பல்லு இருக்கா?" என்பதுதான். அவள் கேட்டது கார் எஞ்சினுக்குள் சுற்றும் டைமிங் கியர் என்கிற பல்சக்கரத்தை. "உங்க வாயில இருக்கிற பல்லு போதாதாம்மா?" என்று கேட்டு ஒரு கடைக்காரர் சிரிக்க, தெருவே சேர்ந்து சிரித்தது. ரோஷப்பட அவளுக்கு நேரமில்லை. அடுத்த கடைக்கு நடந்தாள்.

அவள் புருஷன் டாக்சி ஓட்டியே காலத்தைக் கழித்தவர். கடைசிவரை ஒரே வண்டி, அதுவும் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வீட்டுக்குள் அவளோடு நாலு வார்த்தை பேசினால், வாசலில் வண்டியோடு நாற்பது வார்த்தை பேசுவார். அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். வண்டி படுத்துவிட்டபோது கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியதும் அவள்தான். துக்கப்பட்டு மூடினாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

இப்போது அவருக்கு ஞாபகம் போய்விட்டது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால், "உங்களுக்கு ஏம்மா சிரமம்? என் சம்சாரம் வந்து போடுவா," என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பொறுக்க முடியாமல், "நான்தாங்க உங்க சம்சாரம்," என்றாள். அவர் மரியாதையாக எழுந்து தள்ளி உட்கார்ந்தார். அந்த நகர்தல் அவளைக் கொன்றது.

ஆனால் காது மட்டும் கெட்டுப்போகவில்லை. தெருவில் எந்த வண்டி போனாலும், "பிளக் ஒண்ணு எரியல," என்பார். அதைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சக்களத்தியின் குரல் கேட்டால் அவருக்குப் பழசெல்லாம் திரும்பும். அந்த ஞாபகக் கூட்டத்தில் தானும் ஒரு மூலையில் இல்லாமலா போவோம் என்று நினைத்தாள்.

தார்ப்பாயை விலக்கி, வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பட்டறைக்காரர் எஞ்சினை அக்கக்காகப் பிரித்துச் சரிசெய்தார். தூளாகிக் கிடந்த டைமிங் கியருக்குப் பதில் பின்னால் வந்த மாடலின் இரும்புக் கியரைப் போட்டு ஓட்டினார். அவள் புருஷனை அழைத்து வந்து நிறுத்தினாள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஊளையிடுதே. இது யார் வண்டி?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

"அவர் சொல்றது சரிதான்க்கா," என்றார் பட்டறைக்காரர். "அந்த வருஷத்து எஞ்சின்ல பல்லு இரும்பு கிடையாது. துணியைப் பிசின் போட்டு அழுத்திச் செஞ்சது. சத்தமே வராது. ஆனா அது இப்ப எங்க கிடைக்கும்?"

அன்று தொடங்கியது அலைச்சல். கடைக்காரர்கள் அடுத்த வருஷத்துக் கியரைக் காட்டி அதேதான் என்று சத்தியம் செய்தார்கள். பல்லின் சாய்வைத் தடவிப் பார்த்தே இது அதில்லை என்று சொல்லும் அளவுக்கு அவள் விரல்கள் தேறிவிட்டன. வீட்டில் அவர் சாப்பிடுவதும் குறைந்துகொண்டே வந்தது. நாய்படாத பாடு பட்ட பிறகு, ஒரு கடையின் பின்கட்டில், பாதி எஞ்சின் ஒன்றின் வயிற்றுக்குள் அந்தக் குதிரைக்கொம்பு கிடைத்தது. கருத்த எண்ணெய் அப்பியிருந்ததே தவிர, ஒரு பல்லும் உடையவில்லை.

அவள் அதை நேரே பட்டறைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனாள். அழுக்குச் சாமானை அப்படியே யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லாதவள். சக்களத்திக்கே ஆனாலும் சுத்தமாகத்தானே கொடுக்க வேண்டும்? கொதிக்கும் தண்ணீரில் சோடாவும் சோப்புத்தூளும் கலந்து ஊறப்போட்டாள்.

மறுநாள் எடுத்துப் பார்த்தபோது ஓரமெல்லாம் உப்பி, துணி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. பட்டறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் கையாலேயே கெடுத்தேனே, என் கையாலேயே."

பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயவச்சு, உப்பினதைச் சீவி மாட்டிப் பாக்கலாம். ஓடினாலும் ஒரே ஒரு தடவைதான்க்கா. பல்லு கழண்டா எஞ்சின் நின்னுடும். வேற தேடலாமா?"

"தேட எனக்குக் காலு இருக்குப்பா. அதுவரைக்கும் அவருக்கு இந்தக் காதும் இருக்கணுமே. மாட்டு."

வண்டி சக்கரம் கழற்றிய நிலையில் மரக்கட்டைகள் மேல் நின்றது. பட்டறைக்காரர் எஞ்சினைக் கிளப்பினார். ஊளை இல்லை. தாழ்ந்த, சீரான முனகல் மட்டும். அவள் அழைத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்த புருஷன் தலையை உயர்த்தினார். யாரும் கைபிடிக்காமல் நேராக நடந்து வந்தார், டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார்.

அவள் ஜன்னலருகே ஓடினாள். "என்னங்க."

அவர் திரும்பினார். வருஷக்கணக்காக அவள் தேடிய முகம், தெளிந்து சிரித்த முகம். "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

சக்களத்தியைத் தெரிந்தது. அவளைத் தெரியவில்லை. ஓவென்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. பின்கதவைத் திறந்து, சவாரிக்கு வந்தவளாக உட்கார்ந்தாள். தங்கள் தெருவின் பெயரைச் சொன்னாள்.

"அட, நானும் அந்தத் தெருதாம்மா. என் சம்சாரம் இந்நேரம் காத்துக்கிட்டிருப்பா." அசையாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பதமாக ஒடித்தார்.

"எப்படி, நல்லவங்களா?"

"கோவக்காரி. இந்த வண்டியைச் சக்களத்தின்னு திட்டுவா. ஆனா ராத்திரி எந்நேரமானாலும் இதோட சத்தம் தெருமுனையில கேட்டதும் எந்திரிச்சு விளக்கைப் போட்டுடுவா. அந்த வெளிச்சத்தைப் பாத்துதாம்மா நான் திரும்புவேன்."

அவர் அதைக் கவனித்திருந்தார் என்பது அவளுக்கு இத்தனை காலம் தெரியாது. ஒருநாளும் சொன்னதில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "மெதுவாப் போங்க," என்றாள்.

"மெதுவாத்தாம்மா போறேன்."

எஞ்சினுக்குள் ஏதோ கடகடத்தது. பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு குலுக்கல், அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது.

அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். "வீடு வந்துடுச்சும்மா, பாத்து எறங்குங்க. நான் வண்டியை ஓரமா விட்டுட்டு வர்றேன். என் சம்சாரத்தைப் பாத்தா, வந்துட்டேன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றாள் அவள்.