ஒரே பக்கப் பொருளடக்கம்

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொச்சி மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, வீட்டுக்கு வரும் பத்திரிகை மலையாளம், ஆனால் ஆண்டு மலர் மட்டும் தமிழில் வந்தாக வேண்டும். நானும் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவள்தான். கணித ஆய்வேடுகளையும் பாடநூல்களையும் கணினியில் பக்கம் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. தமிழில் அதைச் செய்ய இங்கே வேறு ஆள் இல்லாததால் மலர் என் தலையில் விழுந்தது.

நான் வேலை செய்யும் மென்பொருளில் பொருளடக்கத்தை யாரும் தட்டச்சு செய்வதில்லை. எது அத்தியாயம், எது அதற்குள் வரும் உட்தலைப்பு என்று குறித்துவிட்டால் அதுவே தலைப்புகளையும் பக்க எண்களையும் பொறுக்கிப் பட்டியல் போட்டுவிடும். பட்டியல் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் பதினொரு பேர் கொண்ட கமிட்டி, சுக்குக் கிடங்கின் மாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை கூடியது.

பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு வாழ்த்துரை, ஒவ்வொன்றும் தனி அத்தியாயம். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, எழுதியவருக்கே தெரிந்திருக்காது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண் போடுவது வழக்கம். தன் பெயருக்கு நேரே எண் இல்லாமல் ஏதோ இங்கிலீஷ் எழுத்து நிற்கிறதே என்று தலைவர் கோபித்துக்கொண்டார். சரி, ஒன்றிலிருந்தே தொடங்கினேன். தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளிகள் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒரு முழு மதியமும் இரண்டு சுற்று சாயாவும் போயின. துணைத்தலைவருக்குத் தன் வரி தலைவரின் வரியைவிட உள்ளே தள்ளி இருப்பதாகச் சந்தேகம். அளவுகோலை வைத்து அளந்து பார்த்தார்.

அடுத்து, உள்பக்கத்திலும் ஒவ்வொருவர் பெயரும் பட்டம், பதவி, படத்தோடு வர வேண்டும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே தலைப்பு மட்டும்தான், எழுதியவர் பெயர் பொருளடக்கத்தில் வரும், நல்ல புத்தகமென்றால் அப்படித்தான் என்று அடித்துவிட்டேன். வாழ்த்துரைகளின் அடியில் எப்படியும் அவரவர் கையெழுத்து இருந்தது. அதனால் சண்டை பிடிக்காமல் தலையாட்டினார்கள். இவர்களை மடக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

உறுப்பினர்கள் அனுப்பிய கதை, கட்டுரை எல்லாம் கடைசியில் ஒரே அத்தியாயமாக, ஒவ்வொன்றும் அதற்குள் உட்தலைப்பாக இருந்தன. அவற்றில் படிக்கும்படி இருந்தது ஒன்றுதான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து பள்ளுருத்தியில் குடியிருக்கும் ஒரு பெண், தோப்பும்படியில் இறால் உரிக்கும் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போவதை அவள் எழுதிய விதத்தில் என் விரலே ஒருமுறை விறைத்தது. கோடு போட்ட நோட்டில் எழுதியதை அவளே என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

"எம் பொண்ணு படிக்கிறது மலையாளம் அக்கா. தமிழ்ல எம் பேர மட்டுந்தான் எழுத்துக்கூட்டி வாசிப்பா. அவ அதப் பாத்தாப் போதும்."

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது காரியதரிசி போன் செய்தார். பொருளடக்கம் மூன்று பக்கத்துக்கு ஓடுகிறதாம், தலைவருக்கு அது பிடிக்கவில்லையாம், ஒரு பக்கம் போதுமாம்.

"ஒத்தப் பேஜ் மதி, கேட்டோ. பிரசிடெண்ட் திறந்த உடனே எல்லாம் காணணும்."

எந்த ஆழம் வரை தலைப்புகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதற்கு மென்பொருளில் ஓர் எண் உண்டு. அது ஒன்றாக இருந்தது. பூஜ்யமாக்கினேன். உட்தலைப்புகள் அத்தனையும் மறைந்து, பதினொரு வாழ்த்துரைகளும் "உறுப்பினர் படைப்புகள்" என்ற ஒற்றை வரியும் மிஞ்சின. சரியாக ஒரு பக்கம். விட்டது சனி என்று கோப்பை அனுப்பிவிட்டேன். அந்த மலரை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது. பட்டியலோடு உறுப்பினர்களின் பெயர்களும் புத்தகத்தை விட்டே போய்விட்டன என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கமிட்டியில் யாருக்கும் உறைக்கவில்லை. அவரவர் வரி அவரவருக்கு இருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு அவள் மகளோடு வந்திருந்தாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாள். பெண் ஒன்பதாவது படிப்பவள், பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். பொருளடக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை வாங்கி இறால் கட்டுரையைத் தேடி எடுத்து, இதோ, முழுசாக வந்திருக்கிறது என்று காட்டினேன். அவள் அந்தப் பக்கத்திலும் தேடினாள். கடைசி வரி வரை பார்த்தாள். பிறகு அம்மாவின் பெயர் எங்கே என்று என்னை மலையாளத்தில் கேட்டாள்.

இடம் போதவில்லை என்றேன். மேடையில் தலைவர் தன் வாழ்த்துரையை வாசித்துக்கொண்டிருந்தார், முதல் பக்கத்திலிருந்து. அவர் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் உள்ளே பெயர் வேண்டாம் என்றவளும் நான்தான், எண்ணை மாற்றியவளும் நான்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, எனக்கு அன்று நன்றாகவே தெரிந்தது. அந்தக் கமிட்டியில் எல்லோரையும்விட அற்பமான ஆள் நான்.

அம்மாக்காரி என் முகத்தைப் பார்த்து எனக்காக இரங்கினாள்.

"பரவால்ல விடுங்க அக்கா. எழுதினது நான்தானே."

"அது ஆரறியும் அம்மே?" என்றாள் மகள்.

அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.