பூட்டிய வீட்டைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

ஐம்பதுகளின் நடுவில் ஓசூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அறிக்கைகளை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். என் அறிக்கையில் கண்ணால் கண்டது மட்டும் இருக்கும்: கிணறு எத்தனை அடி, வேலி எந்தப் பக்கம். எதிர் மேஜைக்காரர் தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் 'இட் அப்பியர்ஸ்' என்று தொடங்கி 'இட் மே பி இன்ஃபர்டு', அதாவது 'இதிலிருந்து ஊகிக்கலாம்' என்று முடிப்பார். கண்டதை வைத்துக் காணாததையும் சொல்லிவிடும் அந்த வரிகளைத் தாசில்தார் வாய்விட்டுப் படிப்பார். ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்' விழும். எட்டு வருஷ சர்வீசில் எனக்கு ஒன்றுகூட விழவில்லை. அவருக்கு விழுந்தவற்றை என் நாட்குறிப்பில் தேதியோடு குறித்துவந்தேன். அந்தச் சித்திரைக்குள் பதினான்கு.

அதே சித்திரையில் அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்குப் போனேன். இரண்டு ஏக்கர் தரிசுக்குப் பட்டா கேட்ட விவசாயி அங்கேதான் குடியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வீடு பூட்டியிருந்தது. கொட்டகையில் மாடு இல்லை, சாணம் காய்ந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். அன்று 'இட் மே பி இன்ஃபர்டு' போட்டு, மனுதாரர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று முடித்தேன். தாசில்தார் 'குட்' போட்டார்; நாட்குறிப்பில் என் பெயருக்கு நேரே முதல் தடவையாக ஒன்று குறித்தேன். மனு தள்ளுபடியானது.

ஆனியில், எதிர் மேஜைக்காரர் கணக்கு பதினாறாகியிருந்தபோது, மனுதாரர் ஆபீசுக்கு வந்தார்.

"ஊர வுட்டுப் போயிட்டேன்னு எழுதனது யாரு சாமி? கோடையில மாட்ட ஓட்டிக்கினு காட்டுப் பட்டிக்குப் போறது எங்க வழக்கம். மழை வுழுந்தா வந்துருவோம். பக்கத்து வூட்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே."

எதிர் மேஜைக்காரர் என் பக்கம் குனிந்தார். "ஏங்காணும், பூட்டைத்தான் விசாரிச்சீரா? நாலு பேரைக் கேக்காம நான் 'இன்ஃபர்டு'ங்கிற வார்த்தையத் தொடவே மாட்டேன்."

மறு அறிக்கையைத் தாசில்தார் அவரிடமே கொடுத்தார். அவர் மனுதாரரை உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்டார். பிறகு எழுதினார்: 'இட் வுட் ஸீம்', கொட்டகை காலியாக இருந்ததால் விசாரித்த குமாஸ்தா அவ்வாறு எண்ண நேர்ந்ததாகத் தோன்றுகிறது. என் தவறு அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. படித்த கையோடு தாசில்தார் மனுதாரருக்குப் பட்டா கொடுக்க உத்தரவு போட்டார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வரவில்லை.

நன்றி சொல்ல எதிர் மேஜை வரை போனேன். அங்கே மறு அறிக்கையின் ஓரத்தில் 'குட்'டின் சிவப்பு மை இன்னும் காயவில்லை. அப்படியே திரும்பிவந்து நாட்குறிப்பைத் திறந்தேன். என் பெயருக்கு நேரே இருந்த ஒரே 'குட்'டை அடித்தேன். அவருக்கு நேரே பதினேழு என்று எழுதினேன்.