லத்தீன் அத்தான்

என் அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மெஷின் அறைகளில், கிரீஸ் அப்பிய கம்பிக்கயிறுகளுக்கு நடுவே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். கம்பெனியில் அவருக்குப் பெயர் 'லத்தீன்'. நானும் லத்தீன் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

சூப்பர்வைசர் ஆகவேண்டுமென்றால் இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்து மண்டை காய்ந்துபோனவருக்கு, வகுப்பெடுத்தவர் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷில் பாதி வார்த்தைகள் லத்தீன் வேரிலிருந்து முளைத்தவை, ஒரு வேரைப் பிடித்தால் ஒரு குடும்பமே கையில் சிக்கும் என்றார். அத்தான் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். டிராக்ட் என்றால் இழுத்தல், டிராக்டர், அட்ராக்ட், எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் அண்ணன் தம்பிகள் என்று என் வீட்டு வாசலில் நின்று பாடமெடுப்பார். நான் கதவைச் சாத்தப் பார்ப்பேன்.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். மெஷினை மிதித்துக்கொண்டே அவள்தான் கேள்வி கேட்பாள். "ஸ்பெக்ட்?" என்பாள். அவர் விட்டத்தைப் பார்ப்பார். "பார்த்தல்ங்க. இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ஸ்பெக்டக்கிள்" என்று நூலைக் கடித்துக்கொண்டே பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். கேட்டுக்கேட்டு முழு வரிசையும் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. "பேசாம நீயே போய் எழுதிட்டு வா" என்பார் அத்தான். "எனக்கெதுக்கு சூப்பர்வைசர் வேலை? உங்களை மேய்க்கறதே அந்த வேலைதான்" என்பாள்.

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது அக்கா தையல் மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஸ்ட்ரோக். உயிர் பிழைத்தாள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைப் பார்த்து வாயைத் திறப்பாள், வெறும் சத்தம்தான் வரும். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது, வராந்தாவுக்குப் போய்விடுவேன். பரீட்சை எப்போது வந்தது, எப்போது போனது என்று யாரும் கேட்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தான், "ஸ்பெக்ட்" என்றாராம். "பார்த்தல்" என்றாள் அக்கா. தொடர்ந்து இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ஸ்பெக்டக்கிள். தெள்ளத்தெளிவாக, அதே குரலில். அத்தான் போனில் என்னைக் கூப்பிட்டு, "கேளு, உங்கக்கா பேசறா, கேளு" என்று அழுதார்.

அது பேச்சு இல்லை என்பது அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தபிறகு புரிந்தது. இவர் ஒரு வேரை எடுத்துக்கொடுத்தால் அவள் வரிசையை முடிப்பாள், அவ்வளவுதான். தண்ணீர் என்று வராது. அவரைக் கூப்பிடவும் வராது. ஆனாலும் மனிதர் லீவைப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து ராத்திரிவரை அவளை ஒப்பிக்கவைத்தார். கிளிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆரம்பத்துல இது உதவிச்சு சார். இப்ப இதை நிறுத்தணும். பழகின வரிசை தானா ஓடுது, அதனால அவங்க வேற வார்த்தைக்கு முயற்சியே பண்ணமாட்டேங்கறாங்க. பொருளைக் காட்டுங்க, காத்திருங்க."

"அவ குரல்னு எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாம்மா" என்றார் அத்தான்.

"அவங்களா உங்களைக் கூப்பிடணுமா வேண்டாமா?"

அவர் தலையாட்டினார். நிறுத்தப்போவதை அக்காவிடமும் எடுத்துச் சொன்னார். அவளுக்கு அதில் எவ்வளவு புரிந்தது என்று அந்தப் பெண்ணாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அக்கா அவரைப் பார்த்து, "ஸ்பெக்ட்" என்றாள். தானாகவே ஆரம்பித்தாள். அத்தான் தம்ளரைத் தூக்கிக் காட்டினார். அவள் இன்னொரு தரம் கேட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தம்ளரைப் பிடித்தபடியே நின்றார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. தண்ணீர் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் தாங்கியவர், ஒருநாள் பயிற்சியாவது மண்ணாவது என்று அவள் காலடியில் உட்கார்ந்தார். "டிராக்ட்" என்றார். "ஸ்பெக்ட்" என்றார். "சொல்லும்மா, ஒண்ணே ஒண்ணு" என்றார். அக்கா அவரை நன்றாகப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் நிறுத்தியிருக்கக்கூடாதோ?" என்று படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்.

"நீங்க செஞ்சது சரிதான் அத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. தப்பென்றும் தோன்றவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.