நானூறு கிராமுக்கு மேலே, கீழே

டெக்சாஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில், போலீஸ் பிடித்துவரும் போதைப்பொருளை இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிறாள் வாண்டா கிரெனெக். அங்கே சட்டம் கொஞ்சம் தாராளம். கேக்கில் கஞ்சா எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் மாவு, முட்டை, சர்க்கரை எல்லாமே கூட்டுக் குற்றவாளிகள். மொத்த எடைக்குத்தான் தண்டனை. நானூறு கிராமுக்குக் கீழே என்றால் இரண்டு முதல் இருபது வருடம். நானூறைத் தொட்டால் ஆயுள் வரைக்கும் போகலாம்.

லவெர்ன் டப்ஸ் என்ற அறுபத்தோரு வயதுக்காரி, கணவனின் முதுகுவலிக்காகச் சுட்ட சாக்லெட் கேக் வந்து சேர்ந்தது. போலீஸ் தராசில் 412. பூசணம் பிடிக்கக்கூடாது என்று ஈரப் பண்டங்களைக் காகிதப் பையில்தான் வைப்பார்கள். வேலை மலைபோல் குவிந்துகிடந்ததால் வாண்டாவின் தராசில் அது ஏறப் பதினொரு மாதம் ஆயிற்று. கேக் செங்கல்லாகக் காய்ந்திருந்தது. தூளைக்கூடத் தூரிகையால் கூட்டிப் போட்டாள். 391.

அரசு வக்கீல் பர்டெட் போன் செய்தான்.

"மிஸ் வாண்டா, பையில வெண்ணெய் ஊறியிருக்குமே? அதையும் சேத்துக்கலாமா?"

"கேஸ் கேக்கு மேலயா, பை மேலயா தம்பி?"

"இருபத்தோரு கிராம் எங்க போச்சு?"

"ஆவியாப் போச்சு. புடிச்சுட்டு வாங்க, எடை போடறேன்."

லவெர்னுக்குச் சிறை இல்லை, பத்து வருடக் கண்காணிப்பு மட்டும். செய்தி வந்த அன்று வாண்டாவுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாடு பாதியில் இருக்கும்போதுதான், காயாமலே தராசில் ஏறிய பழைய கேக்குகள் நினைவுக்கு வந்தன.

பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ராய்ஸ் மெடோஸ் என்ற லாரி டிரைவரின் கேக். அப்போது அவள் வேலையைத் தேங்கவிடாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். வந்த அன்றே, சூடு மட்டும்தான் ஆறியிருந்தது, எடை போட்டிருக்கிறாள். 403. முப்பது வருடம்.

அவனுடைய வக்கீலுக்குத் தானே எழுதினாள்: மறுபடி எடை போடச் சொல்லிக் கேளுங்கள், சாட்சி சொல்ல நான் வருகிறேன்.

நான்கு வரியில் பதில் வந்தது. மேல்முறையீடு முடிந்ததும் கேக்கை விதிப்படி எரித்துவிட்டார்களாம். எரிக்கலாம் என்ற தாளில் கையெழுத்து வாண்டாவுடையது.