அமாவாசைக்கு லீவு விடும் வண்டி

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காது. ஆரணியில் நெசவுக்கு அன்றைக்கு விடுமுறை. சுப்பராயலு அண்ணன் வீட்டு வாசலில் அவருடைய வெள்ளைக் காரும் அன்றைக்குச் சவாரிக்கு நகராது.

"மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊரே வண்டி தேடிகினு கீது. இவரு வண்டிக்கு லீவு உட்டுட்டு வீட்ல உக்காந்துகினு கீறாரு" என்று டாக்ஸி ஸ்டாண்டில் துரை கேலி பண்ணுவார்.

"தறிக்கு ஒரு நாள் ஓய்வுன்னா இதுக்கும் ஒரு நாள் ஓய்வு. ரெண்டும் சோறு போடுற சாமான்தானப்பா" என்பார் அண்ணன்.

பத்தொன்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். இடுப்பு இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கடன் போட்டுச் சொந்த வண்டி எடுத்தார். அவர் மனைவி சசிகலா அக்கா இன்னமும் நெய்கிறார். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். சொந்த ஊர் பெரணமல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் ஊரிலும் சரி, இந்தத் தெருவிலும் சரி, இங்கிலீஷில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அமாவாசை காலையில் அண்ணன் குளித்துவிட்டு பானெட்டைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாசலில் இருந்து உள்ளே குரல் கொடுப்பார். "சசி, ஆயில் சரி."

"எனக்கு ஜுரம்னா கையத் தொட்டுப் பாக்க ஆளில்ல" என்று உள்ளேயிருந்து பதில் வரும். சர்வீஸ் கிலோமீட்டர் நெருங்கிவிட்டால் அடுத்த அமாவாசை வரை பொறுத்திருந்து, அன்றைக்குக் கிலோமீட்டரையும் வாசலிலிருந்து சொல்லிவிட்டு வேலூருக்கு ஓட்டிப்போய் விட்டுவிட்டு வருவார். ஓடுகிற நாளில் வண்டியைப் பிரித்துப் போடக் கூடாது என்பது அவர் கணக்கு.

அந்த வண்டிதான் ஒரு தை மாதக் காலையில் கண்ணமங்கலம் தாண்டி நின்றுபோனது. உள்ளே ஒரு கல்யாண வீட்டார் இருந்தார்கள். எஞ்சினில் சங்கிலி அடிபடுவது போலச் சத்தம் வந்து, பிறகு ஒன்றுமே இல்லை. அண்ணன் அவர்களை வேறு வண்டி பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வேலூர் போனார். டைமிங் செயின் அறுந்து வால்வுகள் எல்லாம் வளைந்துவிட்டன என்றார்கள். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை கை வைக்கவே வேண்டாம் என்று கம்பெனி புத்தகமே சொல்லும் செயின் அது. வண்டி ஓடியிருந்தது எழுபத்தோராயிரம். வாரண்டி முடிய நாலு மாசம் இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியின் கடிதம் வந்தது. நான் படித்துச் சொன்னேன். இரண்டு சர்வீஸ்கள் தாமதம். ஒன்று அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், இன்னொன்று எண்ணூற்றுப் பத்து. ஆகவே வாரண்டி கிடையாது. காரணம், உரிமையாளரின் கவனக்குறைவு.

"இன்னா போட்டுக்கீறான்?"

"கவனக்குறைவுன்னு..."

"யாரோட?"

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி, தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திருவண்ணாமலை நுகர்வோர் ஆணையத்துக்கு நானே மனு எழுதினேன். "அமாவாசைய எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டார். சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. "அதெல்லாம் வேணாம்ணே, கேஸ் கெட்டுடும்" என்றேன். தாமதத்துக்குக் காரணம் 'சில சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தேன். படித்த பையன் சொல்கிறான் என்று தலையாட்டிவிட்டார்.

அந்த மாதங்களில் அவர் துரையின் இரண்டாவது வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். துரை வண்டிக்கு அமாவாசை கிடையாது. மேல்மலையனூர் போய்விட்டு வந்து, வேலூரிலிருந்து அப்படியே இழுத்துவரப்பட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் தன் வண்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போவார். தாண்டும்போது அதை ஒரு முறை தொடுவார்.

நடுவில் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறோம், 'தவறு என் பக்கம்தான்' என்று அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

"போட்டுடுங்களேன். ஒரே பேஜாரா கீது, அது நிக்கிறத என்னால பாக்க முடியல" என்றார் அக்கா.

"போட்டா நான்தான் அதக் கெடுத்தேன்னு ஆயிடும் சசி."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "அப்ப போடாதீங்க."

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் என் வரியைத்தான் பிடித்தார். "என்ன சொந்தக் காரணம்? அதைச் சொல்லவே இல்லையே." நான் மனுவைப் புரட்டினேன். அண்ணன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "அது அமாவாசைங்கம்மா" என்றார். தறி ஓய்வையும் வண்டி ஓய்வையும் நிதானமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மாதா மாதம் வண்டியைப் பார்த்ததற்கு ஆதாரம் உண்டா என்று ஆணையத்தின் தலைவராக உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். அடுத்த தேதிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நான்தாண்ணே தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"உடு தம்பி. இப்ப நானே சொல்லிட்டேன்ல."

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சசிகலா அக்கா, "ஆதாரமா? கேலண்டர்ல கீதே!" என்று அடுப்படிக்குப் போனார். அலமாரித் தட்டிலிருந்து மிளகாய்த்தூள் டப்பா, மஞ்சள் டப்பா, புளி ஜாடி எல்லாம் ஜல்தியாகக் கீழே இறங்கின. அடியில் விரித்திருந்தவை பழைய மாதக் கேலண்டர் தாள்கள். ஒவ்வொரு அமாவாசைக் கட்டத்திலும் அக்காவின் பொடி எழுத்து. வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்ததையெல்லாம் அக்கா உள்ளே எழுதிவைத்திருந்தார். இத்தனை வருஷம் மேலே குடியிருந்தும் எனக்கு இது தெரியாது.

அடுத்த விசாரணையில் வக்கீல், "நேற்றுகூட எழுதியிருக்கலாம்" என்றார். ஆணையத்து அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் மஞ்சள் டப்பாவின் வட்டம் பதிந்திருந்தது. சர்வீஸ் நாட்களின் கட்டங்களில் இருந்த கிலோமீட்டரை வேலூர் ரசீதுகளோடு ஒப்பிட்டார். ஏழும், ஆரணியிலிருந்து வேலூர் போன தூரம் கழித்து, பொருந்தின. பிறகு ஒரு கட்டத்தைச் சத்தமாகப் படித்தார்.

"'ஆயில் சரி. தண்ணி சரி. டயர் காத்து சரி. இவருக்குத்தான் இருமல்.'"

இன்னொன்று. "'வண்டி நல்லா கீது. இவருக்கு இடுப்பு வலி. சொல்ல மாட்டேங்கிறாரு.'"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அன்றைக்குத்தான் அதைக் கேட்கிறார்.

ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி தன் செலவில் எஞ்சினைச் சரிசெய்து தரவேண்டும், வண்டி நின்ற நாட்களுக்கு நஷ்டஈடும் தரவேண்டும். அண்ணன் அதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த வார்த்த?" என்றார். தேடிப் படித்தேன். மனுதாரர் பராமரிப்பில் கவனக்குறைவு எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

"இன்னொரு தபா படிப்பா" என்றார் அக்கா, தறியை நிறுத்திவிட்டு வந்து.

கார்த்திகை அமாவாசைக்கு வண்டி வீட்டில் இருந்தது. காலையிலேயே துரை போன் செய்தார். மேல்மலையனூருக்குப் பெரிய சவாரி. "இன்னிக்கு லீவுப்பா" என்று அண்ணன் வைத்துவிட்டார். நான் மாடிப்படியில் இறங்கும்போது அவர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"சசி, ஆயில் சரி."

அக்கா கையில் பேனாவோடு வாசலுக்கே வந்து நின்றார். "அது கெடக்கட்டும். இடுப்பு எப்பிடி கீது, அதச் சொல்லுங்க."

அண்ணன் குச்சியைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"லேசா வலிக்குது. எழுதிக்க."