பின் சீட்டில் அத்தை

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போனதில்லை. படம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் தீற்றல் தீற்றலாக ஏதோ மேலே எழும்புகிறது. வாத்துகள் என்று நான் சொன்ன பிறகுதான் தெரியும். இடது ஓரத்தில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி. அதற்குள், கட்டைவிரல் அளவில், ஒரு பெண்ணின் முகம் வாய் நிறையச் சிரிக்கிறது. படத்தில் தெளிவாக விழுந்திருப்பது அந்த முகம் மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இதை அச்சுப் போடக் கொடுத்தபோது கடைப் பையன் தயங்கினான். "அக்கா, இது ஃபோகஸ் போன படம்லா. வேற நல்லது இல்லையா?" என்றான். இதைவிட நல்லது என்னிடம் இல்லை, பெரிதாகவே போடு என்றேன். கண்ணாடிக்குள் சிரிப்பவர் என் மாமியார்; அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

நான் வாத்து எடுக்கிறவள். அப்படிச் சொன்னால் சிலர் கறிக்கடையில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டு வாத்துகளைப் படம் எடுப்பேன். மலாய்க்காரர்கள் பெலிபிஸ் என்று சொல்லும் வாத்து. தமிழில் சீழ்க்கைச் சிறகி என்று அழகான பெயர் உண்டு; பறக்கும்போது விசில் அடித்துக்கொண்டே போகும். ஷா ஆலத்தைத் தாண்டி, ஈயம் தோண்டிவிட்டு விட்டுப்போன பழைய குட்டை ஒன்றில் அவை கூட்டமாக இறங்கும். இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான்: காரை விட்டு இறங்கக் கூடாது. வாத்துக்குக் காரைப் பார்த்துப் பயமில்லை, ஆளைப் பார்த்தால்தான் பயம். எஞ்சினை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் படம் ஆடும். எஞ்சின் இல்லையென்றால் ஏர்கானும் இல்லை. பச்சைப்பயறு நிரப்பித் தைத்த துணிப்பையைக் கதவுக் கண்ணாடி விளிம்பில் போட்டு, அதன்மேல் கேமராவைப் படுக்கவைத்துக்கொண்டு, வியர்த்து வடிய உட்கார்ந்திருக்க வேண்டும். வாரம் முழுக்கக் கன்டெய்னர் நம்பர்களைப் பார்த்துக் களைத்த எனக்கு அந்த வியர்வை சொர்க்கமாக இருந்தது. யாரும் கேள்வி கேட்காத சில மணி நேரம். அதற்கு ஆபத்து வந்தது என் மாமனார் இறந்தபோது.

மாமா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். அவர் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் அத்தை முன்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். கேட்டதற்கு ஆம், இல்லை. தொலைக்காட்சியைப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். வருஷம் திரும்பும்வரை நல்ல காரியங்களுக்குப் போகக் கூடாது என்பதில் குடும்பம் கறாராக இருந்தது. அத்தை அதைவிடக் கறாராக இருந்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலை இல்லை, தீபாவளி இல்லை. நம் ஆட்களின் கல்யாணம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தானே வருகிறது. அழைப்பிதழில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, "அத்தைக்குச் சிரமம் வேணாம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கணவருக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலை, ஞாயிறு காலை தூங்கியாக வேண்டும். "அம்மாவத் தனியா விடாத. நீ போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடேன்" என்றார். அதாவது வாத்தை விட வேண்டும், இல்லை அத்தையையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சில வாரங்கள் கொடுமை. அத்தை பின் சீட்டின் இடது பக்கம்தான் உட்காருவார். மாமா ஓட்டிய காலத்திலிருந்தே அது அவர் இடம். குட்டை இருந்ததோ வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பி, லாலான் புல்லைப் பார்த்துக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருப்பார். ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர்போல. நான் மூச்சைக்கூட அளந்து விடுகிற நேரத்தில் கைப்பையின் ஜிப்பை இழுப்பார். வாத்துகள் தலையைத் தூக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அவர் அங்கே பேசிய முதல் முழு வாக்கியம் பயற்றுப் பையைப் பற்றியது. "சாப்பிடற பொருள் மேல கேமராவ வச்சுப் படுக்க வைக்கிறியே, நல்லாவா இருக்கு?" என்றார். மணல் போட்டால் கனமாக இருக்கும், கேமராவுக்குள்ளும் போய்விடும் அத்தை என்றேன். அடுத்த வாரம் பை பிரிந்திருந்த இடத்தில் புதுத் தையல் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த கொஞ்ச நேரத்தில், பின் சீட்டில் சேலை உரசும் சத்தம் கேட்டது. அத்தை நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். வலது பக்கக் கண்ணாடியை இறக்கினார். எனக்கு உள்ளூர ஒரு குதி. திரும்பிப் பார்த்தால் மறுபடி இடது பக்கம் போய்விடுவார் என்று பயந்து திரும்பவே இல்லை. அன்றிலிருந்து முணுமுணுப்பாகப் பேச்சு வந்தது. "அந்தக் குஞ்சுங்களுக்குப் பொறுப்பே இல்ல." "அங்க ஒண்ணு தனியா நிக்குது பாரு, வீட்டுல சண்டையா இருக்கும்." பெரும்பாலும் குறைதான் சொன்னார். எனக்கு அதுவே கச்சேரி. அவர் ஏன் அங்கே மட்டும் பேசினார் என்று யோசித்திருக்கிறேன். வாத்துக்கு நல்ல காரியம், கெட்ட காரியம் என்று இல்லை. பொட்டு இல்லாத நெற்றியை அது பார்ப்பதில்லை. மனிதர்கள் எல்லோரும் அவர்மேல் இரக்கப்பட்டார்கள். அந்தக் குட்டையில்தான் அவர்மேல் யாரும் இரக்கப்படவில்லை.

இந்த நிலையில்தான் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. சிறுவயதிலேயே தாயை இழந்த பெண். பள்ளிக்கூடம் போகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவர் அத்தை. மாமா இறந்து அப்போது வருஷம் திரும்பியிருக்கவில்லை. முதல்நாள் மாலை என் கணவரின் அக்கா போன் செய்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "நீ பாட்டுக்கு அம்மாவக் கூட்டிட்டு வந்து நிக்காத. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க ஒரு மாதிரி. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, அம்மா தலையிலதான் வந்து விழும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதும் அம்மாவைக் காப்பாற்றத்தான், அதுவும் எனக்குப் புரிந்தது. அத்தையிடம் யாரும் எதுவும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மறுநாள் காலை, அத்தைக்குத் துணையாக நின்ற என்னைத் தவிர வீடே பட்டுச்சேலையும் மல்லிகையுமாகக் கிளம்பிப் போனபோது, அவர் பழைய பருத்திச் சேலையில், குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வாத்து பாக்கப் போலாம்" என்றார்.

அன்று குட்டையில் அப்படி ஒரு கூட்டம். வழக்கமாக எட்டாத தூரத்தில் இருப்பவை கரைக்கு மிக அருகில் இறங்கியிருந்தன. மொத்தக் குட்டையையும் ஒரே படத்தில் பிடித்துவிட நான் பெரிய லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்ன லென்ஸை மாட்டினேன். அப்படி ஒரு படத்துக்காக நான் எத்தனையோ ஞாயிறு காத்திருந்தவள். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பத் தாலி ஏறியிருக்கும்" என்றார். நான் கேமராவிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

கரையோரம் தண்ணீரில் பாதி மூழ்கிய பட்டமரம் ஒன்று கிடந்தது. அதன்மேல் வாத்துகள் வரிசையாக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தன. குண்டு வாத்து ஒன்று பறந்து வந்து நடுவில் இறங்கி, இடுப்பை ஆட்டி ஆட்டி இடம் பண்ணியது. வரிசை நகர்ந்து, கடைசியில் இருந்தது தண்ணீரில் விழுந்தது. விழுந்தது சுற்றி வந்து மறுமுனையில் ஏறியது. குண்டு வாத்து மறுபடி ஒரு ஆட்டு ஆட்டியது. இந்தப் பக்கம் ஒன்று விழுந்தது. பின்னாலிருந்து அத்தையின் குரல். "உங்க மாமா... முதல் பந்தியில எடம் புடிக்கிற மாதிரியே இருக்குல்ல?" மாமா இறந்த பிறகு அவர் மாமாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. உண்மையும் அதுதான். எந்தக் கல்யாணத்திலும் இலை போட்டாகிவிட்டால் மாமா நிறைந்த வரிசையின் நடுவில் போய் நிற்பார். "கொஞ்சம் தள்ளிக்க தம்பி" என்று ஒரே தள்ளு. கடைசி ஆள் இலையோடு எழுந்துவிடுவார். நான் பதில் சொல்வதற்குள் குண்டு வாத்து மூன்றாவது ஆளையும் தள்ளிவிட்டது. அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, மாமாவே வெட்கப்படும் அளவுக்குச் சத்தமான சிரிப்பு. குட்டை முழுவதும் விசில் சத்தத்தோடு எழும்பியது. நான் பதறிப்போய்க் கேமராவைத் திருப்பி அமுக்கினேன். ஃபோகஸ் வாத்தை விட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடிக்குள் இருந்த முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அத்தை!" என்று கத்தியேவிட்டேன். திரும்பினால் அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்து முடித்ததும், "வண்டிய எடு. பந்தி முடியறதுக்குள்ள போயிடலாம்" என்றார். உடுப்பைப் பார்த்தேன், டி-ஷர்ட் வியர்வையில் நனைந்திருந்தது. "அண்ணி திட்டுவாங்க அத்தை" என்றேன். "அவளப் பெத்தவ நான்" என்றார்.

மண்டபத்தில் நாங்கள் நுழைந்ததும் சில தலைகள் திரும்பின, சில பேச்சுகள் நின்றன. அத்தை மேடைப் பக்கம் போகவில்லை. நேராகப் பந்திக்குப் போனார். வரிசை நிறைந்திருந்தது. ஓர் இளைஞனிடம், "கொஞ்சம் தள்ளிக்க தம்பி" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி முகம் சிவந்து எங்களை நோக்கி வருவதற்குள், மணப்பெண் மேடையிலிருந்து மாலையோடு இறங்கி ஓடி வந்துவிட்டாள். காலில் விழுந்தாள். அத்தை இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என் கை வேணாம்மா" என்றார். அந்தப் பெண் எழவில்லை. "எனக்குத் தலை பின்னுன கைதானே அத்தை?" என்று கேட்டு, அந்தக் கையைப் பிடித்துத் தானே தன் தலையில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அண்ணி வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் அத்தை என் பின் சீட்டில் இருந்தார். சென்ற ஆண்டு ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். பேப்பரில் போட்ட அறிவிப்புக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் கொடுத்தோம். அதில் யாரோ கடனைத் திருப்பித் தரவில்லை என்பதுபோல ஒரு முகம். அது அத்தை இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

போன வாரம் அண்ணி வந்திருந்தார். இப்போது எங்கள் எல்லோருக்கும் துக்க வருஷம். அவருக்கும் கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். படத்துக்கு முன்னால் நின்று, "எல்லாரும் மாலை போட்ட படம் வைப்பாங்க. இதுல அம்மா எங்க?" என்றார். கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். பட்டமரத்தையும் குண்டு வாத்தையும் சொன்னேன். தண்ணீரில் விழுந்தவர்களைச் சொன்னேன். "கொஞ்சம் தள்ளிக்க தம்பி" என்றதும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அவர் அம்மாவின் வாய், அவர் அம்மாவின் சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்திலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"வர ஞாயித்துக்கெழம போவியா? பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு?"