டெரெசியா மறுத்த மஞ்சள் டப்பா

டெரெசியா எதையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப மாட்டாள். சோற்றுத் தட்டு, தேநீர்க் குவளை, கிணற்று வாளி, எல்லாம் அப்படித்தான். தளும்பத் தளும்ப ஊற்றுவதுதான் மரியாதை என்றிருந்த தீவில் அவளுக்குக் கஞ்சம் என்ற பேர் வந்து சேர்ந்தது. "உங்கம்மா ஊத்தின டீய குனிஞ்சுதான் தேடணும்" என்று அவள் தம்பி பவுரோ சொல்லும்போதெல்லாம் மகள் ரொரேசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அம்மா வேலை பார்த்த மருந்தகத்துப் பழக்கம்தான் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பது ரொரேசிக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அங்கே கழிவுக்கெல்லாம் அம்மாதான் பொறுப்பு. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாமல் அப்படியே மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். முக்கால் நிறைந்ததும் டப்பாவை மூடிவிட வேண்டும். மூடியபின் திறக்கக் கூடாது, உடம்போடு அணைத்துத் தூக்கவும் கூடாது. எரியுலை இருந்தது தலைநகர் தரவாவில். கப்பல் வரும்போது பவுரோ மாமாதான் டப்பாக்களைத் தன் படகில் காயலைக் கடந்து கொண்டுபோய் ஏற்றுவார். மற்ற படகுக்காரர்கள் கிட்டவே வர மாட்டார்கள். அக்கா சொன்னாள் என்பதற்காக அந்த நடையில் அரிசியோ ஆட்களோ ஏற்றாமல், வரும் கூலியையும் விட்டுவிட்டுப் போவார்.

ரொரேசி பள்ளியில் படித்த காலம். ஊர் மண்டபமான மனேயபாவில் எல்லாரும் கூடி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமா எழுந்தார்.

"அக்கா, புபுசி. புது டப்பா ஒண்ணு குடு. மூடி நல்லா இறுக்கமா நிக்குது. பதநீர்ல எறும்பு விழாது."

உறவுக்காரர் புபுசி என்று வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும். சட்டையைக் கேட்டால் சட்டை, படகைக் கேட்டால் படகு.

"முடியாது தம்பி" என்றாள் டெரெசியா.

மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஊசி போட்டதையா கேட்டேன்? புதுசுக்கா!"

"புதுசுதான். மஞ்ச டப்பாவுல பதநீர் குடிச்ச புள்ள, நாளைக்கு என் டப்பாவையும் தொறந்து பாக்கும்."

"டீயே முழுசா ஊத்தாதவ, டப்பாவா குடுப்பா?" என்று மூலையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள். மண்டபம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த கப்பல் வந்தது, மாமாவின் படகு வரவில்லை. டப்பாக்கள் மருந்தகத்தின் பின்கொட்டகையில் கூரை தொட அடுக்கிக் கிடந்தன. கூரை ஒழுகியது. அடியில் இருந்தவை நசுங்கத் தொடங்கின. அந்தப் பக்கமாகத்தான் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். டெரெசியா சரியாகத் தூங்கவில்லை.

அதற்கடுத்த கப்பல் கண்ணில் பட்ட காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

"தம்பி, புபுசி. படகு வேணும்."

"கேக்க உனக்கு வெக்கமில்ல?"

"இருக்கு. படகும் வேணும்."

மாமா படகுக் கயிற்றை எடுத்தார். "உன்ன மாதிரி முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கெளம்பு, தண்ணி ஏறுது."

அன்று ஒவ்வொரு டப்பாவையும் கையை நீட்டிப் பிடித்தே தூக்கி வைத்தார். படகு கிளம்பும்போது டெரெசியா கரையிலிருந்து கத்தினாள்: "உனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி! வேற எதையாவது கேளு!"

"கேக்கும்போது கேக்கறேன்!"

அவள் ஓய்வு பெறும்வரை அவர் படகுதான் ஓடியது. ஆனால் எதையும் கேட்கவில்லை.

ரொரேசி கடல் கடந்து சுவா நகரில் பட்டம் முடித்துத் திரும்பினாள். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்த டப்பாவுக்கு வேறு வண்ணம் பூசிக் கொடுத்திருக்கலாமே என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். கரையொதுங்கும் மஞ்சள் பிளாஸ்டிக்கைத் தீவுப் பிள்ளைகள் இன்றும் தொடாமல் சுற்றிப் போவதைப் பார்த்தால் அம்மா செய்தது சரி என்று தோன்றும். எந்தப் பக்கமும் மனம் நிலைத்து நிற்காது.

அம்மாவை அடக்கம் செய்த வாரம், கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா வச்ச பாக்கி இப்ப என்னோடது மாமா. கேளுங்க."

"கேக்கலாம், கேக்கலாம். இப்ப என்ன அவசரம்?" என்று அடுத்த கண்ணியை இழுத்துப் பிடித்தார் அவர்.

இன்னும் கேட்கவில்லை.